பல்கலைக்கழகப் பணி: பாகுபாடு நுழையும் வாசல்கள்

ஒரு பல்கலைக்கழக ஆசிரியர் நியமனம் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கான முடிவு. மத்தியப் பல்கலைக்கழகத்தில் முப்பது வயதில் உதவிப் பேராசிரியராகச் சேர்பவர் அறுபத்தைந்து வயதுவரை பணியில் இருப்பார். அந்தக் காலத்தில் பாடத்திட்டம் வகுப்பார், ஆய்வு மாணவர்களைத் தேர்ந்தெடுப்பார், வினாத்தாள் தயாரிப்பார், துறைத் தலைவராவார். பின்னாளில் அடுத்த தலைமுறை ஆசிரியர்களைத் தெரிவு செய்யும் குழுவிலும் அவரே உட்காருவார். அதனால் ஒரு நியமனத்தில் நடக்கும் அநீதி ஒருவருடைய வேலை இழப்போடு முடிவதில்லை. யாருடைய அனுபவம் பாடமாகும், யாருடைய பிள்ளை ஆய்வு மாணவராகும் என்பதையும் அது தீர்மானித்துவிடுகிறது.

உயர்கல்வி நிலையத்துக்குள் பணியாளராக நுழைந்த பின்பும் சாதி விடுவதில்லை என்பதற்கு நம் வரலாற்றில் நன்கறியப்பட்ட சான்று அம்பேத்கருடையது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய அவர், 1918இல் பம்பாய் சிடனம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்தார். ஆசிரியர்களுக்கான பொதுத் தண்ணீர்ப் பானையிலிருந்து அவர் தண்ணீர் எடுப்பதை உடன் பணியாற்றியவர்கள் எதிர்த்தார்கள். கற்ற கல்வியும் பெற்ற பதவியும் அவரை அந்த அவமதிப்பிலிருந்து காக்கவில்லை.

நூறாண்டு கடந்துவிட்டது. இன்று அரசியல் சாசனப் பிரிவுகள் இருக்கின்றன. இடஒதுக்கீட்டுச் சட்டங்கள், பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான பாதுகாப்புச் சட்டங்கள், பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள் எல்லாம் இருக்கின்றன. இவ்வளவும் இருந்தும் பாகுபாடு எந்த வழியாக நுழைகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பணியிடத்தைக் கணக்கிடுவது, நேர்முகத் தேர்வு நடத்துவது, தகுதியானவர் இல்லை என்று முடிவெழுதுவது, நிரந்தரப் பணியைத் தற்காலிகமாக்குவது ஆகிய நான்கு நிலைகளில், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாத அதிகாரம் சிலர் கையில் குவிந்திருக்கிறது. சமவாய்ப்பு நழுவுவது அங்கேதான். சட்டத்தை மேலும் பெருக்குவதைவிட இந்த நான்கு இடங்களிலும் வெளிச்சம் பாய்ச்சுவது அவசரமானது என்பது என் முடிவு.

சென்னை மாகாணத்தில் தொடங்கிய வழக்கு

அரசுப் பணியில் எல்லாச் சமூகத்தாருக்கும் பங்கு வேண்டும் என்ற கோரிக்கையை ஆணையாக மாற்றியதில் சென்னை மாகாணம் முன்னோடி. நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் முதல் வகுப்புவாரி அரசாணை வந்தது. அது நடைமுறைக்கு வர மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. அமைச்சர் முத்தையா முதலியாரின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த திட்டம் பன்னிரண்டு பணியிடங்களைப் பங்கிட்டது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறிஸ்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு 1.

குடியரசான பின்பு இந்த ஆணை உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. 1951இல் தீர்ப்பான செண்பகம் துரைராஜன் வழக்கு கல்லூரிச் சேர்க்கையைப் பற்றியது என்பதால் பலருக்கும் தெரியும். அதே நாளில் தீர்ப்பான வெங்கட்ரமணா வழக்கு அவ்வளவு பேசப்படுவதில்லை. அது வேலைவாய்ப்பைப் பற்றியது. மாவட்ட முன்சீப் பணிக்கான தெரிவில் ஹரிஜனங்களுக்கும் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கும் இடம் ஒதுக்குவது அரசியல் சாசனத்தின் 16(4)ஆம் பிரிவுப்படி செல்லும், மற்ற வகுப்புகளுக்கெல்லாம் பிரித்துக்கொடுத்தது செல்லாது என்று நீதிமன்றம் கூறியது. சேர்க்கைக்காக முதல் திருத்தம் வந்து 15(4) சேர்க்கப்பட்டது. வேலைக்கான 16(4) சாசனத்தில் தொடக்கம் முதலே இருந்தது. அரசுப் பணியில் போதிய பிரதிநிதித்துவம் இல்லாத பிற்படுத்தப்பட்ட வகுப்பாருக்கு இடம் ஒதுக்க அது அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது.

1992 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இந்திரா சாஹ்னி தீர்ப்பு மத்திய அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்டோருக்கான 27 சதவீதத்தை ஏற்றது. கூடவே ஐம்பது சதவீத உச்ச வரம்பையும் வளமான பிரிவினரை விலக்கும் முறையையும் வகுத்தது. தமிழ்நாடு தன் 69 சதவீதத்தைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றி, 1994இல் 76ஆம் திருத்தத்தின் வழியே ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தது. பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியலினத்தவர் 18, பழங்குடியினர் 1 என்பது இன்றைய பகுப்பு. பட்டியலினத்தவருக்கான 18க்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு 2009இல் வந்தது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு இத்தகைய உள் ஒதுக்கீட்டை ஏற்றது.

சட்டத்தின் வளர்ச்சி இது. களத்தின் நிலை வேறு. உயர்கல்விக்கான அனைத்திந்திய ஆய்வின் 2021-22 அறிக்கைப்படி நாட்டின் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களில் பட்டியலினத்தவர் சுமார் 9 சதவீதம், பழங்குடியினர் சுமார் 2.5 சதவீதம். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் அவர்களுடைய பங்கு முறையே 16.6, 8.6 சதவீதம். பழங்குடியினரின் இடைவெளி மூன்று மடங்குக்கு மேல். எழுபது ஆண்டு இடஒதுக்கீட்டுக்குப் பிறகும் இவ்வளவு பெரிய இடைவெளி இருக்குமானால், நியமனம் நடக்கும் விதத்தை ஒவ்வொரு படியாகச் சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

முதல் வாசல்: இனச்சுழற்சிக் கணக்கு

இடஒதுக்கீடு நடைமுறைக்கு வருவது இனச்சுழற்சிப் பதிவேட்டின் வழியாக. எத்தனையாவது பணியிடம் யாருக்கு என்பதை அந்தப் பதிவேடு சொல்லும். 1995இல் உச்ச நீதிமன்றம் தந்த சபர்வால் தீர்ப்புக்குப் பிறகு, மத்திய அரசு 1997 ஜூலையில் இதற்கான விதிகளைத் திருத்தியமைத்தது. பெரிய பணித்தொகுதிகளுக்கு 200 புள்ளிகள் கொண்ட சுழற்சி, பதின்மூன்று இடம் வரையுள்ள சிறிய தொகுதிகளுக்கு 13 புள்ளிச் சுழற்சி என்று அது பிரித்தது.

இங்கே கணக்குதான் அரசியல். 27 சதவீதம் என்றால் நூறை 27ஆல் வகுக்க 3.7 வருகிறது, ஆகவே பிற்படுத்தப்பட்டோரின் முதல் இடம் நான்காவது புள்ளியில் விழும். 15 சதவீதத்துக்கு 6.67, பட்டியலினத்தவரின் முதல் இடம் ஏழாவது. 7.5 சதவீதத்துக்கு 13.33, பழங்குடியினரின் முதல் இடம் பதினான்காவது. தொகுதியில் எத்தனை பணியிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே யாருக்கு இடம் வரும் என்பது அமைகிறது.

ஒரு பல்கலைக்கழகத்தில் 30 துறைகள், துறைக்கு 3 உதவிப் பேராசிரியர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 90 இடம். பல்கலைக்கழகம் முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டால் பிற்படுத்தப்பட்டோருக்கு 24, பட்டியலினத்தவருக்கு 13, பழங்குடியினருக்கு 6 என 43 இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும். துறையை அலகாகக் கொண்டால் எந்தத் துறையிலும் நான்காவது இடமே இல்லை. தொடக்கத்தில் ஒதுக்கீடு பூஜ்யம். ஒருவர் ஓய்வு பெறும்போது சுழற்சி அடுத்த புள்ளிக்கு நகரும் என்பது உண்மைதான். ஆனால் முப்பத்தைந்து ஆண்டு நீடிக்கும் பணியில் அந்த நகர்வுக்காகக் காத்திருப்பது ஒரு தலைமுறையை இழப்பதாகும். சதவீதத்தில் ஓர் எண்ணைக்கூட மாற்றாமல், எதை அலகாகக் கொள்வது என்பதை மட்டும் மாற்றி ஓர் உரிமையைச் செல்லாக் காசாக்கிவிட முடியும்.

இது கற்பனை அல்ல. மானியக் குழுவின் 2006 வழிகாட்டுதல் பல்கலைக்கழகத்தை அலகாகக் கொண்டிருந்தது. 2017 ஏப்ரலில் அலகாபாத் உயர் நீதிமன்றம் துறையையே அலகாகக் கொள்ள வேண்டும் என்றது. அதைப் பின்பற்றி 2018 மார்ச் 5 அன்று மானியக் குழு நாடெங்கும் ஆணை அனுப்பியது. அந்த அடிப்படையில் வெளிவந்த விளம்பரங்களில் ஒதுக்கீட்டு இடங்கள் சரிந்தன. ஆசிரியர்களும் மாணவர்களும் தெருவுக்கு வந்தார்கள். மத்திய அரசு செய்த மேல்முறையீட்டை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது; பிப்ரவரியில் சீராய்வு மனுவும் தள்ளுபடியானது. மார்ச் 7 அன்று அவசரச் சட்டம் வந்தது. பின்னர் நாடாளுமன்றம் மத்தியக் கல்வி நிறுவனங்கள் ஆசிரியர் பணித்தொகுதி இடஒதுக்கீட்டுச் சட்டம் 2019ஐ நிறைவேற்றிப் பல்கலைக்கழகமே அலகு என்று உறுதிசெய்தது. அதற்கு முன் உதவிப் பேராசிரியர் நிலையோடு நின்றிருந்த பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு இணைப் பேராசிரியர், பேராசிரியர் நிலைகளுக்கும் நீண்டது.

அந்தச் சட்டத்திலும் விதிவிலக்குகள் இருக்கின்றன. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஹோமி பாபா தேசிய நிறுவனம், பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையம் உட்பட எட்டு நிறுவனங்கள் அட்டவணையில் விலக்குப் பெற்றுள்ளன. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களுக்கும் விலக்கு வேண்டும் என்று அரசு அமைத்த ஒரு குழு 2020இல் பரிந்துரைத்தது. சிறப்பு மிக்க நிறுவனம் என்ற பெயர் சமவாய்ப்பிலிருந்து விலகி நிற்கும் உரிமையாக மாறுவது ஏற்கத்தக்கதல்ல. மிக உயர்ந்த ஆய்வு நடக்கும் இடத்தில்தான் நாட்டின் எல்லாச் சமூகத்து மூளைகளும் வேண்டும்.

இரண்டாம் வாசல்: நேர்முகத் தேர்வு

மானியக் குழுவின் 2018 விதிமுறைகளைப் படிப்பவர்கள் ஒரு வரியில் நின்று யோசிக்க வேண்டும். பட்டப்படிப்பு, முனைவர் பட்டம், தேசியத் தகுதித் தேர்வு, கட்டுரைகள், கற்பித்தல் அனுபவம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் அட்டவணை இருக்கிறது. ஆனால் அந்த மதிப்பெண் நேர்முகத்துக்கு அழைப்பதற்கு மட்டுமே பயன்படும். இறுதித் தெரிவு முழுக்க முழுக்க நேர்முகத்தில் காட்டும் திறனைக் கொண்டே அமையும். இருபதாண்டு உழைப்பு அறை வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே நடக்கும் சில நிமிட உரையாடல் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

நேர்முகத்துக்கு எவ்வளவு எடை தரலாம் என்பதில் நீதிமன்றங்கள் முன்பே எச்சரித்திருக்கின்றன. 1980இல் அஜய் ஹாசியா வழக்கில், கல்லூரிச் சேர்க்கையில் நேர்முகத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்று உச்ச நீதிமன்றம் கருதியது. 1985இல் அசோக் குமார் யாதவ் வழக்கில், அரசுப் பணித் தேர்வில் அந்தப் பங்கை 12.2 சதவீதமாகக் குறைக்கச் சொன்னது. முதிர்ந்த வயதினரைத் தெரிவு செய்யும் பணிகளில் நேர்முகத்துக்குக் கூடுதல் எடை தரலாம் என்ற மாற்றுக் கருத்தும் லீலா தர் வழக்கில் உண்டு. பேராசிரியர் பதவிக்கு அது பொருந்தலாம். பணியில் காலெடுத்து வைக்கும் உதவிப் பேராசிரியருக்கு நூற்றுக்கு நூறும் நேர்முகம் என்பதை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

மனச்சாய்வு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்கள் வெவ்வேறு பெயர்களில் இந்தியத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டன. உயர்சாதி இந்துப் பெயருக்குக் கிடைத்த அழைப்பு வாய்ப்பில் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கும் முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கும்தான் கிடைத்தது. பெயர் மட்டுமே மாறியது. 2012இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் அறிவியல் ஆசிரியர்கள் 127 பேரிடம் ஓர் ஆய்வக மேலாளர் பணிக்கான ஒரே விண்ணப்பம் கொடுக்கப்பட்டது. சிலருக்கு ஜான் என்ற பெயரில், சிலருக்கு ஜெனிஃபர் என்ற பெயரில். ஜானைத் திறமை மிக்கவர் என்றார்கள். அவருக்குக் கூடுதல் சம்பளமும் தர முன்வந்தார்கள். பெண் ஆசிரியர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது. பாகுபாடு காட்ட வெறுப்பு வேண்டியதில்லை, பழக்கம் போதும். விதியும் மதிப்பெண் பகுப்பும் இல்லாத அறையில் பழக்கமே தீர்ப்பெழுதும்.

நம்மூர் நேர்முகங்களில் அந்தப் பழக்கம் பல வடிவம் எடுக்கும். எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், யாரிடம் ஆய்வு செய்தீர்கள் என்ற கேள்விகள் சாதியையும் வர்க்கத்தையும் தெரிந்துகொள்ளும் வழிகளாகின்றன. கிராமத்து அரசுப் பள்ளியில் தமிழ்வழி படித்து, முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகம் வந்தவரின் ஆங்கில உச்சரிப்பு அவருடைய பாட அறிவின் அளவுகோலாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. திருமணமாகிவிட்டதா, குழந்தையை யார் பார்த்துக்கொள்வார் என்று பெண்களிடம் கேட்கிறார்கள். அதே கேள்வி ஆண்களிடம் கேட்கப்படுவதில்லை.

இதோடு பணமும் சேர்கிறது. உதவிப் பேராசிரியர் பணிக்கு லஞ்சம் வாங்கியதாகக் குற்றம்சாட்டப்பட்டு, மாநிலப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஒருவரே 2018இல் கைது செய்யப்பட்டதைத் தமிழ்நாடு பார்த்தது. லஞ்சத்தை ஊழல் என்ற தலைப்பில் மட்டும் பேசிவிட்டுப் போகிறோம். பணம் புரட்ட முடியாத வீட்டுப் பிள்ளையை அது வெளியே நிறுத்துகிறது. ஆகவே அதுவும் பாகுபாடுதான். நூறு சதவீத நேர்முகம் இருக்கும் இடத்தில் விலை பேசுவது எளிது.

இதற்கு மாற்று நம்மிடமே இருக்கிறது. அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர்களைத் தெரிவு செய்ய 2024இல் வெளியிட்ட அறிவிக்கையில் ஆசிரியர் தேர்வு வாரியம் எழுத்துத் தேர்வைக் கொண்டுவந்தது. எழுத்துத் தேர்வு எல்லாத் திறனையும் அளந்துவிடாது. ஆனால் விடைத்தாளில் ஊரும் பேரும் தெரியாது என்ற ஒரு நன்மையே பெரிது.

மூன்றாம் வாசல்: ‘தகுதியானவர் கிடைக்கவில்லை’

ஒதுக்கீட்டுப் பணியிடத்துக்கு நேர்முகம் நடக்கிறது. முனைவர் பட்டமும் தகுதித் தேர்வுத் தேர்ச்சியும் பெற்ற பலர் வருகிறார்கள். முடிவில், தகுதியானவர் எவரும் கிடைக்கவில்லை என்று குறிப்பு எழுதப்பட்டு இடம் காலியாகவே விடப்படுகிறது. காரணம் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. அடுத்த விளம்பரம், அடுத்த நேர்முகம், அதே குறிப்பு. இப்படிச் சேர்பவைதான் பின்னடைவுப் பணியிடங்கள். 2000ஆம் ஆண்டின் 81ஆம் திருத்தம் 16(4ஆ) பிரிவைச் சேர்த்து, நிரப்பப்படாத ஒதுக்கீட்டு இடங்களைத் தனித் தொகுதியாக அடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்ல வழிசெய்தது. இடம் அழியாமல் காக்க அது உதவியது. இடத்தில் ஆள் அமர அது மட்டும் போதவில்லை.

காலியாகவே கிடக்கும் இடம் என்றாவது ஒருநாள் பொதுப் பிரிவுக்குப் போகும் என்ற அச்சமும் ஆதாரமற்றதல்ல. ஒதுக்கீட்டை நீக்கும் வழிமுறையைப் பேசிய மானியக் குழுவின் வரைவு வழிகாட்டுதல் 2024 ஜனவரியில் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. எந்த ஒதுக்கீட்டு இடத்தையும் பொதுப்பிரிவாக மாற்ற முடியாது என்று கல்வி அமைச்சகம் விளக்கம் தர வேண்டி வந்தது.

தகுதி கெட்டுவிடும் என்ற வாதத்தை இங்கே நேராக எதிர்கொள்ள வேண்டும். முதுகலை மதிப்பெண்ணில் 5 சதவீதத் தளர்வும் தகுதித் தேர்வில் சிறு தளர்வும் தவிர, ஒதுக்கீட்டில் வருபவருக்கும் மற்றவருக்கும் குறைந்தபட்சத் தகுதி ஒன்றே. அந்தத் தகுதியைப் பெற்றதால்தான் அவர் நேர்முகத்துக்கே வருகிறார். இடஒதுக்கீடு செயல்திறனைக் குறைக்கும் என்ற நம்பிக்கையை அஸ்வினி தேஷ்பாண்டேயும் தாமஸ் வைஸ்காஃபும் இந்திய ரயில்வேயின் தரவுகளைக் கொண்டு சோதித்தார்கள். குறைத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. இந்நிலையில், விண்ணப்பித்த அத்தனை பேரும் தகுதியற்றவர்கள் என்று சொல்லும் குழுவிடமே நிரூபிக்கும் பொறுப்பு இருக்க வேண்டும். இன்று அந்தச் சுமை நிராகரிக்கப்பட்டவர் தலையில் கிடக்கிறது.

பட்டியலினம், பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகிய பிரிவுகளிலிருந்து விண்ணப்பதாரர் இருந்து, அப்பிரிவைச் சேர்ந்த உறுப்பினர் எவரும் தெரிவுக்குழுவில் இல்லாவிட்டால், அப்பிரிவைச் சேர்ந்த ஒரு கல்வியாளரைச் சேர்க்க வேண்டும் என்று மானியக் குழு விதி சொல்கிறது. நல்ல விதி. ஆனால் அந்த உறுப்பினரைத் துணைவேந்தரே நியமிக்கிறார். குறைந்தபட்ச வருகை எண்ணிக்கையான நான்கு பேரில் அவர் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இருக்கையைத் தந்து குரலைத் தராத ஏற்பாடு இது.

நான்காம் வாசல்: கௌரவ விரிவுரையாளர்

நிரந்தர நியமனத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு, அதே வேலையைத் தொகுப்பூதியத்தில் செய்விப்பது இன்று இயல்பாகிவிட்டது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் மாதம் 25,000 ரூபாய்க்குப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறார்கள். மே மாதத்துக்கு ஊதியம் இல்லை. வழக்கமான முறையில் சேரும் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியமே 57,700 ரூபாய். மானியக் குழு 2019இல் வகுத்தபடி வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்ற அளவும் இங்கே எட்டப்படவில்லை.

இது ஊதியப் பிரச்சினை மட்டுமன்று. தற்காலிகப் பணியில் ஒதுக்கீட்டு விதி தளர்கிறது, தெரிவு முறை சுருங்குகிறது, ஆண்டுதோறும் நீட்டிப்புக்காகத் துறைத் தலைவரின் தயவை நாட வேண்டியிருக்கிறது. அந்த நிலையில் இருப்பவர் சாதி இழிவையோ பாலியல் தொல்லையையோ எதிர்த்து எப்படிப் புகார் எழுதுவார்? வேலைப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் புகார்க் குழு இருந்தும் பயனில்லை.

நீதிமன்றங்கள் சில கதவுகளைத் திறந்திருக்கின்றன. 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில், சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கோட்பாடு தற்காலிகப் பணியாளருக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2023இல் ஓர் ஒப்பந்த மருத்துவரின் வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் மகப்பேறுப் பலன்களை முழுமையாகத் தர வேண்டும் என்றது. குஜராத் அரசுக் கல்லூரிகளின் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்களுக்கு மாதம் 30,000 ரூபாய் தருவதை 2025 ஆகஸ்டில் அது கண்டித்து, குறைந்தபட்ச ஊதிய விகிதம் தரச் சொன்னது. ஒவ்வொரு மாநிலத்து ஆசிரியரும் தனித்தனியே வழக்காடித்தான் இதைப் பெற வேண்டும் என்பது அரசுகளுக்குப் பெருமை சேர்க்காது.

பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநர்

உயர்கல்விக்கான அனைத்திந்திய ஆய்வின் அதே 2021-22 அறிக்கைப்படி நாட்டின் உயர்கல்வி ஆசிரியர்களில் பெண்கள் சுமார் 43 சதவீதம். பதவி உயர உயர அந்தப் பங்கு குறைகிறது. பேராசிரியர், துணைவேந்தர் நிலைகளில் பெண்களைத் தேட வேண்டியிருக்கிறது. முனைவர் பட்டம், கட்டுரைகள், ஆய்வுத் திட்டங்கள் ஆகியவற்றை முடிக்க வேண்டிய வயதும் பிள்ளை பெற்று வளர்க்கும் வயதும் ஒன்றாக வருவது முக்கியக் காரணம். 2017இன் மகப்பேறுத் திருத்தச் சட்டம் 26 வார விடுப்பையும், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் உள்ள நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. காப்பகம் நடத்தும் பல்கலைக்கழகங்கள் இன்னும் எல்லா ஊரிலும் இல்லை.

பாலியல் தொல்லைக்கு எதிராக 1997இன் விசாகா தீர்ப்பும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. பத்துப் பேர் பணியாற்றும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார் குழு வேண்டும். மூத்த பெண் ஒருவர் தலைவர், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர், 90 நாளில் விசாரணை முடிவு என்பன அதன் விதிகள். கோவா பல்கலைக்கழகத்திலிருந்து எழுந்த வழக்கு ஒன்றில் 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இங்கே முக்கியமானது. அவசர அவசரமாக விசாரணையை முடித்து, தன் தரப்பைச் சொல்லப் போதிய வாய்ப்புத் தராததால் ஒரு பேராசிரியரின் பணிநீக்கத்தை நீதிமன்றம் ரத்து செய்தது. மீண்டும் முறையாக விசாரிக்கச் சொன்னது. கூடவே, பல்கலைக்கழகங்கள் உள்ளிட்ட நிறுவனங்களில் குழுக்கள் உண்மையில் அமைந்திருக்கின்றனவா என்று சரிபார்க்க உத்தரவிட்டது. விசாரணை முறை தவறினால் புகார் தந்தவரும் நீதி பெறமாட்டார், குற்றம்சாட்டப்பட்டவரும் பெறமாட்டார் என்பது அந்த வழக்கின் பாடம்.

மாற்றுத்திறனாளிகளுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டம் 4 சதவீத ஒதுக்கீடு தருகிறது. பணியிலிருக்கும்போது உடற்குறை ஏற்பட்டால் அதைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வகுத்து வெளியிட வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தின் கட்டளை. எத்தனை பல்கலைக்கழகங்களின் இணையதளத்தில் அந்தக் கொள்கை இருக்கிறது என்று வாசகர்களே தேடிப் பார்க்கலாம். சாய்தளம் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியில் நேர்முகம் வைப்பது, பார்வையற்ற விண்ணப்பதாரருக்குத் திரைவாசிப்பான் வசதியில்லாத விண்ணப்பப் படிவம் தருவது இவையெல்லாம் சட்டப்படி பாகுபாடு. திருநர்களுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் வேலையில் பாகுபாட்டைத் தடைசெய்கிறது. தடை இருந்தும் வகுப்பறையில் பாடம் நடத்தும் திருநர் ஆசிரியரைக் காண்பது இன்னும் அரிது.

சட்டம் எட்டாத இடம்

நாட்டின் கல்லூரிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அரசு உதவி பெறாத தனியார் கல்லூரிகள். அங்கே ஆசிரியர் நியமனத்தில் இடஒதுக்கீடு கட்டாயமில்லை. 93ஆம் திருத்தம் தனியார் கல்லூரிச் சேர்க்கைக்கு வழிசெய்ததே தவிர வேலைக்கு வழிசெய்யவில்லை. தனியார் துறையிலும் சாதி, மதம், பாலினம், உடற்குறை என எந்த அடிப்படையிலும் பாகுபாட்டைத் தடைசெய்யும் ஒருங்கிணைந்த சட்டம் இந்தியாவில் இல்லை. இதற்காக நாடாளுமன்றத்தில் சசி தரூர் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

பிற நாடுகளிலும் கல்வி நிறுவனங்கள் தாங்கள் விதிவிலக்கு என்றே தொடங்கின. அமெரிக்காவின் 1964 குடிமை உரிமைகள் சட்டம் வேலையில் பாகுபாட்டைத் தடைசெய்தபோது கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணியை விலக்கி வைத்தது. 1972இல்தான் அந்த விலக்கு நீக்கப்பட்டது. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் வயது, உடற்குறை, இனம், மதம், பாலினம் உட்பட ஒன்பது அடிப்படைகளைப் பட்டியலிடுகிறது. பாகுபாட்டைத் தவிர்ப்பதோடு நில்லாமல் சமவாய்ப்பை வளர்க்கும் கடமையையும் அரசுப் பல்கலைக்கழகங்கள் உட்பட்ட பொது அமைப்புகளுக்கு விதிக்கிறது. அந்தக் கடமை நம் நாட்டுக்கும் வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் இனச்சுழற்சிப் பதிவேட்டை இணையதளத்தில் வெளியிட வேண்டும். எந்தப் பணியிடம் எந்தப் பிரிவுக்கு, எப்போது காலியானது, ஏன் நிரப்பப்படவில்லை என்பது எவரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு, கேட்காமலே தகவல் வெளியிடும் கடமையை ஏற்கெனவே விதித்திருக்கிறது.

இரண்டாவதாக, உதவிப் பேராசிரியர் தெரிவில் கல்வித் தகுதி, எழுத்துத் தேர்வு, மாதிரி வகுப்பு ஆகியவற்றுக்குப் பெரும்பங்கு மதிப்பெண் தந்து நேர்முகத்துக்குச் சிறுபங்கு வைக்க வேண்டும். குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் தனித்தனியே மதிப்பெண் இட்டுக் கையெழுத்திட வேண்டும். அழைக்கப்பட்ட அனைவரின் மதிப்பெண்ணும் வெளியாக வேண்டும்.

மூன்றாவதாக, தகுதியானவர் இல்லை என்று முடிவெடுத்தால் ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் தனித்தனியே காரணம் எழுத வேண்டும். அதே இடத்துக்கு இரண்டாம் முறையும் அதே முடிவு வந்தால், வேறு குழு ஒன்று மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

நான்காவதாக, நிரந்தரத் தேவையுள்ள பணிக்குத் தற்காலிக நியமனம் ஓராண்டைத் தாண்டக் கூடாது. அந்த ஓராண்டிலும் இனச்சுழற்சியும் சம ஊதியமும் மகப்பேறு விடுப்பும் பொருந்த வேண்டும்.

ஐந்தாவதாக, பணியாளர் நிலை, பதவி உயர்வு, புகார்கள், அவற்றின் முடிவு ஆகியவற்றைப் பிரிவுவாரியாகக் காட்டும் சமவாய்ப்பு அறிக்கை ஆண்டுதோறும் சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும்.

இவற்றில் எதற்கும் அரசியல் சாசனத் திருத்தம் தேவையில்லை. முதல் மூன்றையும் பல்கலைக்கழக ஆட்சிக்குழுக்களும் மானியக் குழுவும் நினைத்தால் அடுத்த விளம்பரத்திலேயே நடைமுறைப்படுத்தலாம். தெரிவுக்குழுவில் அமரும் பேராசிரியர்கள் சட்டம் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். நிராகரிக்கும் ஒவ்வொருவருக்கும் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். எழுத முடியாத காரணம் கொண்டு எவரையும் நிராகரிக்காதீர்கள்.